மக்கள் பணம் – 7: இரண்டு குமாஸ்தாக்கள்

சென்ற வாரம் நியூயார்க் நகரத்துப் புதிய நீதிமன்றக் கட்டிடத்தின் வாசலில் கதையை நிறுத்தியிருந்தோம். இரண்டரை லட்சம் டாலரில் கட்டிக்கொள்ளலாம் என்று 1858-ல் மாநிலச் சட்டமன்றம் அனுமதி கொடுத்த கட்டிடம் அது. 1861-ல் வேலை தொடங்கியது. பத்து வருஷமாகியும் முடியவில்லை. செலவோ ஒரு கோடி டாலரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1867-ல் அலாஸ்கா முழுவதையும் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியது. அதற்கே 72 லட்சம் டாலர்தான் ஆயிற்று.

அந்தப் பணத்தைப் பங்கு போட்டுக்கொண்ட நான்கு பேரையும் பார்த்தோம். டம்மனி ஹால் என்ற கட்சி அமைப்பின் தலைவர் வில்லியம் ட்வீட், நகரத்தின் நிதித் தலைமை அதிகாரி ரிச்சர்ட் கானலி, பொக்கிஷக்காரர் பீட்டர் ஸ்வீனி, மேயர் ஓக்கி ஹால். பில்லை எழுதச் சொல்வது, சரிபார்ப்பது, கையெழுத்திடுவது, பணத்தை விடுவிப்பது ஆகிய நான்கு வேலைகளும் இந்த நான்கு பேருக்குள்ளேயே முடிந்தன.

இந்த வாரம் ஐந்தாவது ஆள் வருகிறார். பெயர் ஜேம்ஸ் வாட்சன். கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகத்தின் தணிக்கையாளர்.

* * *

1871 ஜனவரி 24. நியூயார்க்கில் கடும் பனி. குதிரைகள் மீது வாட்சனுக்குப் பெரும் மோகம். பனிச்சறுக்கு வண்டியில் குதிரையைப் பூட்டிக்கொண்டு ஹார்லம் பக்கம் போயிருந்தார். எதிரே வந்த இன்னொரு வண்டி கட்டுமீறி மோதியது. குதிரையின் குளம்பு வாட்சனின் நெற்றியில் இறங்கியது.

ஒரு வாரம் படுக்கையில் கிடந்தார். சாகும் நேரத்தில் எதையாவது உளறிவிடப் போகிறாரே என்று அவருடைய கூட்டாளிகள் படுக்கையருகே ஆள் மாற்றி ஆள் காவலிருந்தார்கள் என்று சொல்வதுண்டு. வாட்சன் எதுவும் சொல்லாமலே கண்ணை மூடினார்.

நகரத்துக்கு அது ஒரு விபத்துச் செய்தி. நால்வருக்கோ அது பேரிடி. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் ஒரு பில் எப்படிப் பாஸ் ஆயிற்று என்பதை நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

* * *

ஆண்ட்ரூ கார்வி பூச்சு வேலைக்காரர். நீதிமன்றத்தின் சுவர் பூச்சு முழுக்க அவருடைய ஒப்பந்தம். வேலை முடிந்ததும் அவர் பில் கொடுப்பார். அதில் இருக்கும் தொகை அவர் வேலைக்கான கூலி அல்ல. எவ்வளவு எழுத வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியனுப்பியிருப்பார்கள். ஆரம்பத்தில் கமிஷன் சிறியதாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் ஏறி, கடைசியில் 65 சதவீதத்தில் வந்து நின்றது. நூறு டாலர் பில்லில் ஒப்பந்ததாரர் கைக்கு 35 டாலர், மீதி மேலே.

அந்த மேலே போகிற பணத்தை வாங்கி, யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் கொடுத்தவர் வாட்சன். பில்லைச் சரிபார்த்தவரும் அவரே.

நம் ஊரில் பொதுப்பணித் துறைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு ‘எம்-புக்’ தெரியும். அளவுப் புத்தகம். சுவர் எத்தனை மீட்டர், பூச்சு எத்தனை சதுர மீட்டர் என்று பொறியாளர் இடத்துக்கே போய் அளந்து, தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி மறுபடி அளந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறிக்காமல் பில் நகராது. எம்-புக்கிலும் பொய் எழுத முடியும், எழுதியும் இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஒரு மனிதர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் நின்றாக வேண்டும். பொய் எழுதினால் அது அவர் பெயரில் நிற்கும்.

நியூயார்க் நீதிமன்றக் கட்டிடத்தில் அந்தச் சுவர் முன்னால் நிற்க யாருமே இல்லை.

1870 ஏப்ரலில் ட்வீட் தன் செல்வாக்கைக் கொண்டு நகரத்துக்குப் புதிய சாசனமே வாங்கினார். அதை ஒட்டி, கவுண்டியின் பழைய பாக்கிகளைச் சரிபார்க்க ஒரு தணிக்கைக் குழு அமைந்தது. மேயர் ஹால், கானலி, ட்வீட் ஆகிய மூவரே உறுப்பினர்கள். அந்தக் குழு கூடியது ஒரே ஒரு தடவை, 1870 மே 5 அன்று. பில்களை வாட்சன் பார்த்துச் சான்று கொடுத்தால் போதும் என்று தீர்மானம் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். அதன் பேரில் 60 லட்சம் டாலருக்கு மேல் பட்டுவாடா ஆயிற்று.

அறுபது லட்சம் டாலரைச் சரிபார்த்த குழு ஒரு பில்லைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. இந்தத் தொடருக்காக நான் படித்ததில் என் மனதை மிகவும் உறுத்தியது இந்த இடம்தான். திருட்டுக்குச் சட்டத்தில் ஓட்டை தேவைப்படவில்லை. தணிக்கைக் குழு என்று பெயர் வைத்த ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் போதுமாயிருந்தன.

* * *

கேள்வி கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. 1870 செப்டம்பர் முதல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் ட்வீட்டைத் தாக்கி எழுதத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பு அந்தப் பத்திரிகையால் வாய் திறக்க முடியவில்லை. அதன் இயக்குநர்களில் ஒருவர் ட்வீட்டின் அச்சு நிறுவனத்தில் கூட்டாளி. அவர் இறந்த பிறகுதான் வெளியீட்டாளர் ஜார்ஜ் ஜோன்ஸுக்கும் ஆசிரியர் லூயிஸ் ஜென்னிங்ஸுக்கும் கை கட்டவிழ்ந்தது. ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ வார இதழில் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் வாராவாரம் ட்வீட்டைத் தொந்தியும் வைரமுமாக வரைந்துகொண்டிருந்தார்.

இதற்கு ட்வீட்டின் ஆட்கள் கொடுத்த பதிலடியும் கொள்முதல் வழியாகத்தான் வந்தது. ஹார்ப்பர் நிறுவனம் பாடப்புத்தகம் போடும் நிறுவனமும்கூட. நகரப் பள்ளிகளுக்கு அவர்கள் புத்தகத்தை இனி வாங்குவதில்லை என்று கல்வி வாரியம் முடிவெடுத்தது. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்பதை ஒரு கேலிச்சித்திரம் தீர்மானித்தது. அரசாங்கம் வாங்குகிற எந்தப் பொருளும் நண்பனுக்குப் பரிசாகும், எதிரிக்குத் தண்டனையாகும் என்பதை நியூயார்க்காரர்கள் அன்று கண்ணால் பார்த்தார்கள். ஹார்ப்பர் குடும்பம் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு நாஸ்டைத் தொடர்ந்து வரையச் சொன்னது.

ஆனால் பத்திரிகையிடம் அன்று ஆவேசம் இருந்ததே தவிர ஆதாரம் இல்லை. கட்டிடத்துக்கு ஏன் இத்தனை செலவு என்று கேட்கலாம். எந்தத் தேதியில், யாருக்கு, எவ்வளவு என்று சொல்ல முடியாது.

1870 நவம்பரில் தேர்தல் நெருங்கியபோது கானலி ஒரு காரியம் செய்தார். ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தலைமையில் ஊரின் பெரும் பணக்காரர்கள் ஆறு பேரை வரவழைத்து, கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திறந்து காட்டினார். சில மணி நேரம் புரட்டிப் பார்த்தார்கள். கணக்குகள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. கணக்கு ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒழுங்கே நால்வரையும் கவிழ்க்கப்போகிறது என்பது யாருக்கும் அன்று தெரியாது.

* * *

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பில்லில் பொய் எழுதலாம். ஆனால் அந்தப் பொய்யில் 65 சதவீதத்தைப் பல பேர் பங்கு போட வேண்டுமானால், எந்தப் பில்லுக்கு எவ்வளவு பட்டுவாடா ஆயிற்று என்று எங்காவது உள்ளது உள்ளபடி எழுதி வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் பங்கை இன்னொருவன் அமுக்கிவிடுவான். ஒருவரை ஒருவர் நம்பாத திருடர்களுக்கு நேர்மையான ஒரு பேரேடு தேவைப்பட்டது.

வாட்சனின் அலுவலகத்தில் அந்தப் பேரேடு இருந்தது. ‘கவுண்டி பாக்கிகள்’ என்ற சாதாரணத் தலைப்பில்.

அதே அலுவலகத்தில் வில்லியம் கோப்லண்ட் என்ற கணக்கர் உட்கார்ந்திருந்தார். அவரை அங்கே சேர்த்துவிட்டவர் ஜேம்ஸ் ஓபிரையன், நகரத்தின் முன்னாள் ஷெரீஃப். ஷெரீஃபாக இருந்தபோது செய்த செலவுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம் டாலர் தனக்கு வர வேண்டும் என்று ஓபிரையன் நகரத்திடம் கேட்டுக்கொண்டிருந்தார். நால்வரும் கொடுக்க மறுத்தார்கள். அந்தக் கோபம் அவரிடம் கனன்றுகொண்டிருந்தது. கோப்லண்ட் பேரேட்டில் கண்ட விசித்திரமான தொகைகளை நகல் எடுத்து அவரிடம் கொடுத்தார்.

வாட்சன் இறந்ததும் அலுவலகத்தில் பதவிகள் மாறின. காலியான கணக்கெழுதும் இடத்துக்கு மேத்யூ ஓரூர்க் என்பவர் வந்தார். அதற்கு முன் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் யாருடைய ஆளுமல்ல. கானலிக்கு அவசரம், ஒரு குமாஸ்தா வேண்டும், வைத்துக்கொண்டார்கள். வாட்சன் இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. புதிதாக வருகிறவனுக்கு எந்தப் புத்தகத்தைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

ஓரூர்க் முதலில் கண்டது படைக்கொட்டடிகளின் கணக்கை. மாநிலக் காவல் படையின் பயிற்சிக்காக நகரம் பல இடங்களை வாடகைக்கு எடுத்திருந்தது. யாரும் பயன்படுத்தாத இடங்களுக்கும் வாடகை போய்க்கொண்டிருந்தது. அவற்றைப் பழுதுபார்த்ததாகப் பெரும் தொகைகள். அந்தத் தொகைகள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே சில பெயர்களுக்கே போயிருந்தன. நீதிமன்றக் கணக்கிலும் வருகிற அதே பெயர்கள்.

ஓரூர்க் பேரேட்டைப் பிரதி எடுக்கத் தொடங்கினார். தேதி, பெயர், எதற்காக, எவ்வளவு. ஒவ்வொரு வரியாக. ஒளிநகல் இயந்திரம் இல்லாத காலம் அது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தால் வேலை போகும். வேலை போவதோடு நிற்குமா என்றும் சொல்ல முடியாது. பகலெல்லாம் அதே புத்தகத்தில் பொய்க்கணக்கைப் பதிந்துகொண்டு, அதே பேனாவால் அதன் நகலையும் எழுதிய அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.  

1871 மே மாதம் அவர் வேலையை விட்டார். நகலோடு டைம்ஸ் அலுவலகத்துக்குப் போனார்.

* * *

ஜூலை 8. படைக்கொட்டடி ஊழலைப் பற்றிய முதல் செய்தி வெளிவந்தது.

ஜூலை 12. ஐரிஷ் புராட்டஸ்டன்ட்டுகள் நடத்திய ஆரஞ்சு ஊர்வலத்தில் கலவரம் மூண்டு, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ட்வீட் ஆட்சி எப்படியிருந்தாலும் ஊரை அமைதியாக வைத்திருக்கிறது என்று இதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த பெரிய மனிதர்களுக்கு அந்தச் சமாதானமும் போயிற்று.

அதற்குச் சில நாட்கள் கழித்து, புழுக்கமான ஓர் இரவு. ஆசிரியர் ஜென்னிங்ஸின் அறைக்குள் ஓபிரையன் நுழைந்தார். வெக்கையைப் பற்றி ஏதோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு, ஒரு கனத்த உறையை மேசை மேல் வைத்தார். உங்களுக்கு வேண்டிய ஆதாரம் எல்லாம் இதில் இருக்கிறது என்றார். கோப்லண்ட் எடுத்த நகல்கள்.

ஒரே பேரேடு. இரண்டு குமாஸ்தாக்கள் எடுத்த இரண்டு நகல்கள். இப்போது இரண்டும் ஒரே மேசையில்.

செய்தி கசிந்துவிட்டது. ஒரு வழக்கறிஞரின் அறைக்கு வரச்சொல்லி ஜோன்ஸுக்கு அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால் உள்ளே கானலி. வெளியிடாமலிருந்தால் ஐம்பது லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். அந்தப் பணத்தில் ராஜா மாதிரி வாழலாமே என்றும் சொல்லிப் பார்த்தார். சாத்தானே வந்தாலும் இதைவிடப் பெரிய விலை சொல்லப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஜோன்ஸ் வெளியே வந்தார். நாஸ்டிடமும் பேரம் நடந்தது. ஐரோப்பாவுக்குப் போய்ச் சித்திரக்கலை படிக்க ஐந்து லட்சம். அவரும் மறுத்தார்.

* * *

1871 ஜூலை 22, சனிக்கிழமை. டைம்ஸின் முதல் பக்கத்தில் ‘ரகசியக் கணக்குகள்’ என்று தலைப்பு.

அதற்குக் கீழே பெரிய கட்டுரை எதுவும் இல்லை. வர்ணனை இல்லை, வசவு இல்லை. பேரேட்டின் வரிகளை அப்படியே அச்சடித்திருந்தார்கள். தேதி. பெயர். தொகை. எந்த வேலைக்கு என்ற குறிப்பு. காசோலையின் பின்பக்கம் யார் கையெழுத்திட்டுப் பணம் வாங்கினார் என்ற விவரம்.

வெவ்வேறு பெயர்களுக்கு எழுதப்பட்ட காசோலைகள். பின்பக்கத்தில் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே பெயர்: இங்கர்சால் அண்ட் கம்பெனி. மரச்சாமான் வியாபாரியான ஜேம்ஸ் இங்கர்சாலின் நிறுவனம்.

அடுத்தடுத்த நாட்களில் மேலும் மேலும் பக்கங்கள் வந்தன. பழுதுபார்ப்பு, மரச்சாமான் என்ற தலைப்புகளில் மட்டும் 56 லட்சம் டாலருக்கு மேல். கட்டிக்கொண்டிருக்கிற கட்டிடத்துக்கே பழுதுபார்ப்பு. இரும்பாலும் சலவைக்கல்லாலும் எழும்பிய கட்டிடத்தில் தச்சருக்கு ஒரு மாதத்தில் 3,60,000 டாலருக்கு மேல். கார்விக்குப் பூச்சு வேலையில் மொத்தம் 28 லட்சத்துக்கு மேல். பதினொரு வெப்பமானிகளுக்கு 7,500 டாலர்.

ஒரு வரியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம். மூன்று மேசை, நாற்பது நாற்காலி: 1,79,729 டாலர். ஒரு நாற்காலிக்கு ஐந்து டாலர் என்றே வைத்துக்கொண்டாலும் அந்தப் பணத்துக்கு 35,000 நாற்காலிகளுக்கு மேல் வரும். ஊரிலிருந்த தச்சர், கொத்தனார், துறைமுகக் கூலி யாராக இருந்தாலும், ஒரு நாற்காலி என்ன விலை என்று அவருக்குத் தெரியும். கோடிக் கணக்கை மனதில் பிடிக்க முடியாதவருக்கும் நாற்காலிக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. ஜென்னிங்ஸ் ஒரு வருஷமாக எழுதிய தலையங்கங்கள் செய்யாததை அந்த ஒரு வரி செய்தது.

இன்னொரு வரியில் 66,000 டாலர் காசோலை. அதன் பின்னால் பணம் வாங்கியவரின் பெயராக ‘டம்மி’ என்று முடியும் ஒரு கையெழுத்து.

ஜூலை 29 அன்று மொத்தக் கணக்கையும் சேர்த்துத் தனி இணைப்பு வெளியிட்டார்கள். ஆங்கிலத்தோடு, ஊரில் ஏராளமாக இருந்த ஜெர்மானியர்களுக்காக ஜெர்மன் மொழியிலும். இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று.

* * *

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. செய்தி மட்டும் அவர்களை வீழ்த்தியிருக்குமா? ட்வீட்டுக்கு ஓட்டுப் போட்ட ஏழை மக்களுக்கு அவர் வேலை கொடுத்தார், குளிர்காலத்தில் நிலக்கரி கொடுத்தார். அவர்களில் பலர் அவரைக் கைவிடவே இல்லை.

கைவிட்டவர்கள் கடன் கொடுத்தவர்கள்தான். வரியை ஏற்றாமல் திருட வேண்டுமானால் கடன் வாங்கித்தான் திருட வேண்டும். 1869-ன் தொடக்கத்தில் 3.6 கோடி டாலராக இருந்த நகரக் கடன், 1871 செப்டம்பரில் 9.7 கோடிக்கு வந்திருந்தது. அந்தக் கடன் பத்திரங்களை ஐரோப்பாவிலும் வாங்கியிருந்தார்கள். டைம்ஸ் செய்தி கடல் தாண்டியது. புதிய பத்திரங்களை வாங்க ஆளில்லை. பழைய கடனுக்கு வட்டி கட்டும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 4 அன்று கூப்பர் யூனியன் மண்டபம் நிரம்பி வழிந்தது. வங்கிக்காரர்கள், வியாபாரிகள், வழக்கறிஞர்கள். எழுபது பேர் கொண்ட குழு அமைந்தது. மூன்றே நாளில் நகர நிர்வாகம் பணம் கொடுக்கவும் கடன் வாங்கவும் நீதிமன்றம் தடை போட்டது. தடை போட்ட நீதிபதி ஜார்ஜ் பர்னார்ட். அதுவரை ட்வீட் சொன்னபடியெல்லாம் தீர்ப்பு எழுதியவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

இனி ஆதாரம் வேண்டும், நீதிமன்றத்தில் நிற்கிற ஆதாரம். பேரேட்டின் நகல் பத்திரிகைக்குப் போதும். வழக்குக்கு மூலம் வேண்டும். அதாவது வவுச்சர்கள்: ஒப்பந்ததாரர் கொடுத்த அசல் பில், அதில் வாட்சனின் சான்று, பணம் பெற்றதற்கான கையெழுத்து. அவை கானலியின் அலுவலகத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரியில் கட்டுக்கட்டாக இருந்தன. கணக்கை ஆராய அமைந்த குழு அவற்றைக் காட்டச் சொல்லிக் கேட்டது.

செப்டம்பர் 11, திங்கட்கிழமை காலை. அலுவலகத்தைத் திறந்தார்கள். அலமாரியின் கண்ணாடி உடைந்திருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வவுச்சர்கள் இருந்த இடம் காலி.

கொஞ்ச நாள் கழித்து நகர மண்டபத்தின் பரண் பக்கம் ஒரு சாம்பல் குவியல் கண்டெடுக்கப்பட்டது. அதில் கருகிய காகிதத் துணுக்குகள்.

வவுச்சர்கள் காணாமல் போனதைத் தொடர்ந்து, கானலி ராஜினாமா செய்ய வேண்டும் என்று மேயர் ஹால் குரல் எழுப்பினார். தன் தலையைக் கொடுத்து மற்ற மூவரும் தப்பப் பார்க்கிறார்கள் என்பது கானலிக்குப் புரிந்தது. அவர் தன் கூட்டாளிகளிடம் போகவில்லை. ட்வீட்டின் எதிரியான சாமுவேல் டில்டன் என்ற வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்கப் போனார்.

டில்டன் கணக்குப் புலி. பேச்சைவிட எண்களை நம்புகிறவர். பில்கள் எரிந்துவிட்டன, வாட்சன் செத்துவிட்டார், ஒப்பந்ததாரர்கள் ஒவ்வொருவராக ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேரேட்டின் நகல் சொல்வது நகரத்திலிருந்து பணம் வெளியே போன வரைக்கும்தான். அங்கிருந்து அது ட்வீட்டின் கைக்குப் போயிற்று என்று எந்தக் காகிதம் சொல்லும்? அந்தக் காசோலைகள் எல்லாம் மாற்றப்பட்ட வங்கியில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைத்த மூன்றாவது குமாஸ்தா ஒருவர் இருந்தாரா?

(தொடரும்)